அந்த மூடியைத் தொட்டவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, விஜயதசமிக்கு அடுத்த நாள் காலை அது நடந்தது. இடம் கொக்குவில். ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், உயர்ந்த மதில் கட்டிய வளவுக்குள் இருக்கும் ஒரு கறித்தூள் தொழிற்சாலை.

தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்தது. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கூச்சம். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’தான். பெண்கள் ஆறு பேர் வேலை செய்தோம். மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் வறுத்து, அரைத்து, கலந்து, பையில் அடைத்தால் கொழும்புக்கும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கும் போகும். நான் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போவேன். தூள் கலக்கும் மெசினில் என்னோடு வேலை செய்தவர், வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன் என்பது வேறு கதை.

அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். படுத்திருக்கும் பீப்பாய் போல ஒரு தொட்டி. உள்ளே தூளைப் புரட்டும் இரும்புத் தகடு. மேலே ஒரு மூடி. மூடியின் பின்பக்கம், அதைத் தொட்டியோடு இணைக்கும் பிணைச்சலுக்குக் கீழே சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தது. மூடி திறந்திருந்தால் மெசின் ஓடாது. மூடினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகுதான் ஓடும். கையை உள்ளே விட்டிருக்கும்போது தவறுதலாக ஓடிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

நாங்கள் அந்த ஏற்பாட்டை எங்கள் வசதிக்குத் திருப்பிக்கொண்டோம். மெசினை ஓடவிடும் பெரிய சுவிட்ச், தூணுக்கு அந்தப் பக்கம், மூட்டைகள் அடுக்கிய சுவரில் இருந்தது. அங்கே நின்றால் மெசினும் தெரியாது, அக்காவும் தெரியமாட்டார். அக்கா தூளைக் கையால் பரவி, மூடி, “சரி” என்று குரல் கொடுக்கும்வரை நான் அங்கே காத்து நிற்கவேண்டும். எனக்கா பொறுமை? மூடாமல் மெசின் ஓடாதுதானே, நான் முதலே சுவிட்சைப் போட்டுவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போய்விடுவேன். அக்கா ஆறுதலாகப் பரவிவிட்டு மூடியைச் சாத்துவார், மெசின் தானாக ஓடத் தொடங்கும். இரண்டு வருடமாக இப்படித்தான் செய்தோம். ரீச்சரும் கண்டிருக்கிறார், ஒன்றும் சொன்னதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடம் நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்னர் என் சித்தப்பா இறந்துபோனார். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை எங்களுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. அதனால் வேலைத்தலத்தில் வாணி விழா நடந்தபோது நான் உள்ளே போகவில்லை. கொட்டகைக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெசின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். அன்று காலை மெசின் திருத்துகிறவரும் வந்து எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அவல் கடலையை வெளியே கொண்டுவந்து தந்தவர் அக்காதான்.

விஜயதசமி முடிந்து மறுநாள் வேலை தொடங்கினோம். அக்கா மெசினில் இருந்த காய்ந்த மாலையைக் கழற்றிவிட்டு, தூளைக் கொட்டினார். நான் வழக்கம்போலத் தூணுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவிட்சைப் போட்டேன்.

போட்ட உடனேயே மெசின் ஓடியது. அடுத்த நொடி அக்காவின் சத்தம்.

நான் சுவிட்சை நிறுத்தியதாகச் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. அக்காவின் வலது கை தூளோடும் இரத்தத்தோடும் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மிளகாய்த்தூள் பட்ட காயம் எப்படி எரிந்திருக்கும்! யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் பல்லைக் கடித்துக்கொண்டு, “தண்ணியை ஊத்துங்கோ, நிக்காதையுங்கோ” என்றார். ரீச்சர் தன் காரில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. 

நான் வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்தே வீட்டில் பயந்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டது நான். வேறு யாரும் இல்லை. இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. வேலைத்தலத்தில் தூள் அரிக்கும் பெண் ஒருத்தி, “துடக்குக்காரி பூசை வைச்ச மெசினிலை கை வைச்சால் வேறென்ன நடக்கும்?” என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. மற்ற நேரமென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவளோடு சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு, அவள் சொல்வது சரிதான் என்று பட்டது. முப்பத்தொன்று முடிய இன்னும் ஒரு கிழமை இருந்ததே, அதற்குள் என்ன அவசரம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு கடதாசியில், ‘இந்த விபத்து முழுக்க முழுக்க என் கவலையீனத்தால் நடந்தது, வேறு எவரும் இதற்குப் பொறுப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து ரீச்சருக்குக் கொடுத்தனுப்பினேன். வேலைக்கு இனி வரமாட்டேன் என்றும் கீழே எழுதினேன். எழுதிய பிறகு மனம் கொஞ்சம் லேசானது போலக்கூட இருந்தது. வேடிக்கைதான். 

ஐந்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, அக்காவிடமிருந்து ஆள் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரட்டாம். அதுவரை அவரைப் பார்க்கப் போகும் துணிவு எனக்கு வரவில்லை. ஏச்சு வாங்கத்தான் போகிறேன், வாங்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். 

கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி அக்கா சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “எங்கை போனனீ? அஞ்சு நாளா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறன்” என்றார். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

“அழுறதெண்டால் வெளியிலை போய் அழுதிட்டு வா. எனக்கு உன்னட்டை ஒரு விசயம் கேக்கக் கிடக்கு,” என்றார் அக்கா. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீ சுவிட்சைப் போட்டனீ, ஓம். மூடி திறந்து கிடக்கேக்கை அது ஏன் ஓடினது?”

நான் அதை யோசிக்கவே இல்லை. ஐந்து நாள் இரவும் பகலும் அழுதவளுக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை. “துடக்கு, அக்கா...” என்று இழுத்தேன்.

“விசர்க் கதை கதையாதை. துடக்கு வந்து வயர் கழட்டுமோ?”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அன்று காலை மாலையைக் கழற்றியபோது மூடியை ஒருமுறை திறந்து சாத்தினாராம். ‘டிக்’ சத்தம் கேட்கவில்லையாம். புதிதாக எண்ணெய் விட்டதால் சத்தம் போய்விட்டது என்று நினைத்தாராம். கட்டிலில் கிடந்த ஐந்து நாளும் அந்த வராத சத்தத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மெசின் திருத்துகிறவர் வருவதாகவும், அன்றைக்கே தொழில் திணைக்களத்திலிருந்து ஒரு அலுவலர் விசாரிக்க வருவதாகவும் ரீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 

“அவன் வந்து திருத்திப் போட்டானெண்டால் பேந்து ஒண்டும் தெரியாது. இப்பவே போ. மூடிக்குப் பின்னாலை குனிஞ்சு பார். படம் எடு,” என்றார்.

நான் தயங்கினேன். அந்தக் கொட்டகைக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்று நேர்த்தி வைக்காத குறை. அதைவிட, இன்னொருவர்மேல் பழியைப் போட்டுத் தப்பப் பார்க்கிறாள் என்று ஊர் சொல்லாதா? இதை அக்காவிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“நீ ஒண்டும் செய்யேல்லை எண்டு நான் சொல்லேல்லை. உன்ரை பங்கு உனக்கு இருக்கு. பார்க்காமல் கையை விட்ட என்ரை பங்கு எனக்கு இருக்கு. மற்றவையின்ரை பங்கையும் ஏன் நீ தூக்கிக்கொண்டு திரியிறாய்?”

இரண்டு விரல் போன கையோடு இருப்பவர் சொல்கிறார். என்னைப் பார்த்து ஒரு ஏச்சு ஏசியிருந்தாலும் கேட்க ஆளில்லை. அவர் என்னடாவென்றால் எனக்குப் பங்கு பிரித்துத் தருகிறார். 

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொக்குவிலுக்குச் சைக்கிளை மிதித்தேன். ரீச்சர் என்னைக் கண்டதும், “உமக்கென்ன விசரோ? அதுக்குள்ளை போய் என்ன பார்க்கப் போறீர்?” என்றார். அக்கா சொல்லிவிட்டார் என்றதும் கொட்டகைத் திறப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பாவம், அவரும் ஐந்து நாளில் நன்றாக மெலிந்துபோயிருந்தார். 

மெசினுக்குப் பின்னால் குனிந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்தேன். பிணைச்சலுக்குக் கீழே அந்தச் சின்னச் சுவிட்ச் இருந்தது. அதன் குமிழை அமுக்கி வைத்து, மேலே ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. மூடி திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று மெசின் நினைத்துக்கொள்ளும். மேலே மாலை தொங்கிய இடம் அதுதான். ரீச்சர் தொலைபேசியை வாங்கிப் படம் எடுத்தார்.

பிறகு ரீச்சர் வீட்டுக்குள் போய், திருத்துகிறவர் கொடுத்துவிட்டுப் போன தாளைத் தேடி எடுத்து வந்தார். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த ஏழெட்டு வரிகளில் கடைசி வரி, மூடிச் சுவிட்ச் பழுது, தற்காலிகமாகக் கட்டிவிடப்பட்டிருக்கிறது என்று சொன்னது. கீழே ரீச்சரின் கையெழுத்து. “பூசைக்குக் கடலை தாளிச்சுக்கொண்டு நிண்டனான். வாசிக்கேல்லைப் பிள்ளை, கையெழுத்தை வைச்சிட்டன்,” என்று சொல்லி ரீச்சர் மூட்டைமேல் இருந்துவிட்டார். சம்பளத் தாளில் கையெழுத்து வைக்கும்போதுகூட ‘வாசிச்சிட்டு வையுங்கோ’ என்று எங்களை அதட்டுகிற மனிசி அவர். அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அதை மடித்து என் கையில் தந்து, “திங்கட்கிழமை நீரே அந்த அலுவலரிட்டைக் குடும்” என்றார்.

திங்கட்கிழமை வந்த அலுவலர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நான் எழுதிய கடிதத்தை ரீச்சர் முதலிலேயே கொடுத்திருந்தார். அதை அவர் வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். “ஆர் பிழை எண்டு நான் கேக்கேல்லை. மெசின் வந்த நாளிலை இருந்து இதை ஆர் ஆர் தொட்டவை எண்டு சொல்லுங்கோ,” என்றார். 

நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார். மெசினை விற்ற கொழும்புக் கொம்பனி. அவர்களுக்காக இங்கே திருத்தும் வேலை செய்கிறவர். பெரிய சுவிட்சைத் தூணுக்கு மறுபக்கம், ஆளே தெரியாத இடத்தில் பொருத்திவிட்டுப் போன வயரிங்காரர். அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, ரீச்சர் பழைய கணக்குக் கொப்பியைப் புரட்டிக் கண்டுபிடித்தார். பிறகு ரீச்சர். பிறகு நாங்கள் இரண்டு பேர். சுவிட்சை முதலே போடுகிற எங்கள் கெட்டித்தனத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அலுவலர் முகம் சுளிக்கவில்லை. இப்படி எத்தனை நாளாகச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத் திருத்துகிறவரும் கருவிப் பையோடு வந்து இறங்கினார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். விபத்து நடந்ததை ரீச்சர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எப்படி நடந்தது என்று சொல்லவில்லை. படத்தைக் காட்டியதும் மனிதர் பேயறைந்தவர்போல நின்றார். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். சண்டைக்கும் தயாராக இருந்தேன்.

“நான்தான் சுத்தினனான்,” என்றார். “மிளகாய்த்தூள் போய் உந்தச் சுவிட்ச் அடிக்கடி இறுகுது. கொம்பனிக்கு அடிச்சுக் கேட்டனான். புதுசு வர ஒரு மாசம் செல்லும், அதுவரைக்கும் கட்டிவிடு எண்டு மெசேச் போட்டவை. நான் தாளிலை எழுதினனான். வாயாலை சொல்லியிருக்கோணும். பூசை அமளியிலை சொல்லாமல் போட்டன்.”

அவரை ஏசுவதற்கு என்று நான் சேர்த்துவைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அலுவலர் பேனையை வைத்துவிட்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். “வேறை எங்கை எங்கை உப்பிடிக் கட்டி விட்டிருக்கிறீங்கள்?”

திருத்துகிறவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, “ரெண்டு இடத்திலை, மிஸ்,” என்றார். ஒன்று மானிப்பாயில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மற்றது வட்டுக்கோட்டையில். அந்த இடத்திலேயே நின்று இரண்டு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தார்கள். இரண்டு மெசினும் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள்.

என் கடிதத்தை அலுவலர் கிழிக்கவில்லை. இன்னொரு தாளைத் தந்து, “நடந்ததை மட்டும் எழுதுங்கோ. முழுக்க முழுக்க எண்ட சொல் வேண்டாம்,” என்றார். அதன்படி எழுதினேன். நான் சுவிட்சைப் போட்டதையும் எழுதினேன். இந்த முறை அழுகை வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீண்ட அலைச்சல். கொம்பனிக்காரர் முதலில் கையை விரித்தார்கள். ‘கட்டிவிடு’ என்று சொன்னதற்குத் திருத்துகிறவரின் தொலைபேசியில் அவர்கள் அனுப்பிய செய்தியே சாட்சியாக இருந்தது. அவர் அதை அழிக்காமல் கொடுத்தார். அதனால் அவர்களோடு இருந்த வேலையும் போனது. அக்காவுக்குச் சேரவேண்டிய நட்டஈடு ரீச்சர் பக்கத்திலிருந்தும் கொம்பனிப் பக்கத்திலிருந்தும் ஒரு வருடத்துக்குமேல் இழுபட்டுச் சேர்ந்தது. ரீச்சர் ஒருவர் தலையில் மட்டும் விழுந்திருந்தால் தொழிற்சாலையே மூடப்பட்டிருக்கும், நாங்கள் ஆறு பேரும் வீட்டில் இருந்திருப்போம். பெரிய சுவிட்ச் இப்போது மூடிக்கு நேர் எதிரே இருக்கிறது. மூடுகிறவர்தான் போடவேண்டும்.

அக்கா நாலு மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். நானும் திரும்பினேன், அவர் திரும்பிய அதே நாள். தூள் அரிக்கும் பெண் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள். அதுதான் அவளுடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அக்காவின் மகளுடைய சடங்குக்காக அவரோடு வட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். சரியான சனம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அக்கா என் காதருகில், “உவள்தான் எங்கடை ஊர் மில்லிலை தூள் கலக்கிறவள்,” என்றார். கட்டிவிட்ட சுவிட்சோடு ஓடிக்கொண்டிருந்த அந்த மற்ற மெசினில் நின்றவள். அவளுக்கு அக்காவைத் தெரியாது. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பிடித்திருந்த கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் இடம்வரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

பழி முழுவதையும் என் தலையில் போட்டுக்கொள்வதுதான் நல்ல மனம் என்று நினைத்து அன்றைக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அது அப்படியே நின்றிருந்தால் அந்தப் பெண்ணின் கைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், கட்டுப் போட்ட கையோடு என்னைக் கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்ட அக்காவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.